அவதீயா ‘கேட்கிறது’ என்று எழுதிய குழந்தை

இன்று சூடானின் அத்பராவில் சந்திக்கக் கிடைத்தது அவதீயாவை. ரயில் பட்டறைக்குப் பின்னால் இருக்கிற தாய்சேய் நிலையத்தில், தடுப்பூசி போடும் புதன்கிழமைக் கூட்டத்தில், வாசலை ஒட்டிய பெஞ்சில் முதல் ஆளாக உட்கார்ந்திருந்தாள். வயது ஐம்பத்து நான்கு. வெள்ளைத் தோப்பை, அந்த ஊர்ப் பெண்கள் சேலை மாதிரி உடுத்தும் நீளத் துணியை, தலையோடு சுற்றியிருந்தாள். கைக்குழந்தையோடு படியேறுகிற ஒவ்வொரு பெண்ணையும் நிறுத்தி ஒரே கேள்வி கேட்டாள்: "மகளே, இன்னைக்கு மேல என்ன பூசிட்டு வந்திருக்கே?"

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள். சிலர் வெட்கப்படுகிறார்கள். "உக்காரு, ஒரு விஷயம் சொல்லணும்" என்று அவள் ஆரம்பித்ததும் அந்தச் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போகிறது. கேட்ட சூடு ஆறுவதற்குள் அதை எழுதிவிட வேண்டும்!

அவதீயாவுக்கு முப்பத்து நான்கு வயது வரை கல்யாணம் ஆகவில்லை. நிலையத்தில் குழந்தைகளை எடை போடுவாள், ஊசி போடுவாள், தாய்மாரைத் திட்டுவாள். அந்த வருடம் அவளைத் தலைநகர் கார்ட்டூமுக்கு இரண்டு மாதப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். வாய் பேசாத கைக்குழந்தைக்குக் காது கேட்கிறதா இல்லையா என்று கண்டுபிடிக்கும் பயிற்சி.

அதற்குப் பெரிய கருவி ஒன்றும் வேண்டாம். குழந்தை தாயின் மடியில் இருக்கும். எதிரே ஒருத்தி பொம்மையை ஆட்டி அதன் பார்வையைத் தன் பக்கம் இழுத்து வைத்திருப்பாள். சட்டென்று பொம்மையை மறைப்பாள். அந்த நொடியில், பின்னால் நிற்கிறவள் குழந்தையின் கடைக்கண்ணுக்கும் தெரியாத இடத்திலிருந்து, ஒரு கை நீளத் தூரத்தில், மெல்லிய சத்தம் ஒன்று எழுப்புவாள். கிண்ணத்தின் விளிம்பில் கரண்டியை இழைப்பாள், அல்லது பல்லிடுக்கில் ‘ஸ்ஸ்’ என்பாள். குழந்தை சத்தம் வந்த பக்கம் திரும்பினால் காது கேட்கிறது. அவ்வளவுதான்.

பயிற்சி கொடுத்த டாக்டரம்மா முதல் நாளே சொன்னாள்: "காது கேக்காத குழந்தைய ஏமாளின்னு நினைக்காதீங்க. அது உங்க எல்லாரையும்விடக் கெட்டிக்காரி. காது குடுக்காததைக் கண்ணு, தோலு, மூக்கு எல்லாம் கூடிப் பேசிக் குடுத்துடும். அது திரும்புது, சரி. எதுக்குத் திரும்புதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

பிறகு விதிகள். உங்கள் நிழல் குழந்தையின் முன்னால் விழக்கூடாது. செருப்பைக் கழற்றிவிட வேண்டும். தோப்பின் முந்தானை ஆடிக் காற்று வீசக்கூடாது. வாசனை பூசிக்கொண்டு வரக்கூடாது.

எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டு வந்தாள் அவதீயா. கடைப்பிடிக்கவும் செய்தாள். புதன்கிழமைகளில் வெறுங்காலோடு நின்றாள். தோப்பை இடுப்பில் இறுகச் சொருகினாள். வாசலில் நின்று பெண்களை மோப்பம் பிடித்து, "பாட்டில் செண்டு அடிச்சவ எல்லாம் போய்க் கழுவிட்டு வா" என்று விரட்டினாள்.

எதிரே பொம்மை ஆட்டுவது பதூர் அக்கா. நிலையத்தின் மூத்த நர்ஸ். ஆறு பிள்ளை பெற்றவள், வாய் ஓயாதவள். அவள்தான் அவதீயாவுக்கு மாப்பிள்ளையும் பார்த்தாள். தன் உறவுக்காரன் பாபிக்கர், ரயில் எஞ்சின் டிரைவர், மனைவியை இழந்தவன். போர்ட் சூடானுக்கு வண்டி ஓட்டிப் போனால் புதன்கிழமை சாயங்காலம்தான் திரும்புவான்.

"வாரத்துல பாதி நாள் வீட்ல இருக்க மாட்டான்டி. இதைவிட நல்ல புருஷன் எங்க கிடைப்பான்?" என்றாள் பதூர்.

கல்யாணத்துக்கு முந்தின மாதம் முழுக்க அவதீயாவைப் புகையில் உட்கார வைத்தார்கள். எல்லா மணப்பெண்ணுக்கும் நடப்பதுதான். அடுப்படியோரம் குழி தோண்டி, அதில் தலிஹ் மரக்கட்டையைக் கனிய விட்டு, மேலே பாய் போட்டு, கம்பளியைக் கழுத்து வரை போர்த்தி உட்கார்ந்தால், புகை தோலுக்குள் இறங்கும். தோல் மஞ்சளும் பழுப்புமாக மினுங்கும். மேலே கும்ரா பூசுவார்கள். சந்தனம், கிராம்பு, கஸ்தூரி எல்லாம் எண்ணெயில் ஊறிய குழம்பு. கன்னிப்பெண்ணுக்கு இதெல்லாம் கிடையாது. புருஷன் உள்ளவளுக்குத்தான் உண்டு. அந்த மணம் ஒருத்தியிடம் வந்தால், வீட்டில் ஆள் இருக்கிறான் என்று தெரு முழுக்கத் தெரியும். ஒரு தடவை புகையில் உட்கார்ந்தால் நாலைந்து நாள் சோப்புக்கும் தண்ணீருக்கும் அசையாது.

கல்யாணத்துக்குப் பிறகும் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆனால் அவதீயா குழியை மூட்டினாள். மறுநாள் பாபிக்கர் வருவான் அல்லவா? முதல் சில வாரம் அந்த மணம் அவளுக்கே தூக்கலாகத் தெரிந்தது. பிறகு தெரியவில்லை. புகையைக் குறைத்துவிட்டோமோ என்று சந்தேகம் வந்து இன்னும் இரண்டு கட்டை சேர்த்துப் போட்டாள்.

பாபிக்கர் வீட்டுக்குள் நுழையும்போது டீசல் நாற்றம் அவனுக்கு முன்னால் நுழையும்.

"குளிச்சுட்டு வாங்க. டீசலா நாறுது."

"எந்த டீசல்?" அவன் கையை மோந்து பார்ப்பான். "ஒண்ணும் இல்லையே! உனக்குத்தான் மூக்கு நீளம்."

"இருபது வருஷமா அதுலயே குளிச்சா எப்படித் தெரியும்?" என்று அவள் சிரிப்பாள். தன் நிலைமையும் அதுதான் என்று அப்போது அவளுக்குத் தோன்றவே இல்லை. தன் தோலில் இருப்பதை வாசனை என்றே அவள் நினைக்கவில்லை. வாசனை என்றால் பாட்டிலில் இருப்பது, கடையில் வாங்குவது. இது கல்யாணமானவளின் உடம்பு. உடம்பைக் கழற்றி வைத்துவிட்டா வேலைக்கு வர முடியும்?

கல்யாணமான மூன்றாம் மாதம் ஒரு புதன்கிழமை மஹாசின் வந்தாள். இருபத்தைந்து வயது. லாரி கவிழ்ந்து புருஷன் இறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. துக்கக் காலமான நாலு மாதம் பத்து நாள் முடியாததால் வெள்ளைத் துணி, மருதாணி இல்லாத கை, எண்ணெய் தவிர வேறொன்றும் படாத தலை. ஊசிக்காக மட்டும் வீட்டை விட்டு வந்திருந்தாள். மடியில் துமாதிர். எட்டு மாதம். கொழுகொழுவென்று, கண்ணால் எல்லாரையும் விழுங்குகிற குழந்தை.

பதூர் பொம்மையை ஆட்டினாள். மறைத்தாள். பின்னால் அவதீயா வலது பக்கமாக நகர்ந்து, மணிக்கட்டை நீட்டி, கிண்ணத்தில் கரண்டியை இழைத்தாள். துமாதிர் பளிச்சென்று வலது பக்கம் திரும்பினாள். முகமெல்லாம் சிரிப்பு. இடது பக்கம். திரும்பினாள். மறுபடி வலது, மறுபடி இடது. ஒரு தடவைகூடத் தவறவில்லை.

"ஆத்தாடி, பாம்புச் செவி!" என்றாள் பதூர். "மஹாசின், இவ இருக்கிற வீட்ல ரகசியம் பேசாதே."

மஹாசின் அன்றைக்குத்தான், புருஷன் போன பிறகு முதல் தடவையாகச் சிரித்திருப்பாள் என்று அவதீயாவுக்குப் பட்டது. பதிவேட்டில் எழுதினாள். வலது காது: கேட்கிறது. இடது காது: கேட்கிறது. கீழே கையெழுத்து.

மூன்று மாதமாக ஒரு துளி மணம்கூட நுழையாத வீட்டிலிருந்து வந்த குழந்தை அது. அந்த மூக்குக்கு அவதீயாவின் மணிக்கட்டு, இருட்டில் ஏற்றிய விளக்கு மாதிரி இருந்திருக்கும். இதை இன்று அவதீயாவே சொல்கிறாள். அன்று தெரியவில்லை.

ஒன்றரை வயதில் மஹாசின் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "அக்கா, இவ இன்னும் அம்மான்னுகூடச் சொல்லல."

அவதீயா பதிவேட்டைப் புரட்டிக் காட்டினாள். "காது நல்லா இருக்கு மகளே. நானே பாத்தேன். சில புள்ளைங்க லேட்டாத்தான் பேசும். எங்க அண்ணன் மூணு வயசுல வாயைத் திறந்தான், இப்ப மூட மாட்டேங்கறான்."

"ரயில் வந்தா வாசலுக்கு ஓடுறாக்கா. எங்க வீடு பாதையை ஒட்டித்தானே."

"பாத்தியா? அப்ப என்ன பயம்?"

அப்போது துமாதிர் அவதீயாவின் கையைப் பிடித்து இழுத்து, மணிக்கட்டில் மூக்கை அழுத்தினாள். பிறகு தன் இரண்டு மணிக்கட்டையும் ஒன்றோடொன்று தேய்த்து மூக்கில் வைத்துக்கொண்டு அவதீயாவைப் பார்த்துச் சிரித்தாள். அதன் பிறகு எப்போது வந்தாலும் அதுதான். தூரத்தில் அவதீயாவைக் கண்டதும் தேய்ப்பாள், மூக்கில் வைப்பாள்.

"இப்பவே கல்யாணத்துக்கு ரெடியாயிட்டா பாரு!" என்று பதூர் சொல்ல, மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பேச்சு இல்லாத ஒரு குழந்தை, தனக்குத் தெரிந்த வழியில் அவதீயாவுக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறது என்று மூவரில் ஒருவருக்கும் புரியவில்லை.

இரண்டு வயது ஆகுமுன் மறுபடி சோதித்தார்கள். புதன்கிழமைதான். துமாதிர் மறுபடி திரும்பினாள்.

அதிலிருந்து மஹாசின் வந்தால் கேட்பது வேறு கேள்வி ஆகிவிட்டது. "காது கேக்குதுன்னா ஏன் சொன்ன பேச்சுக் கேக்க மாட்டேங்கறா?" தெருவில் எல்லாரும் அதையே சொன்னார்கள். அப்பன் இல்லாத புள்ள, செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டே. சாப்பிடக் கூப்பிட்டால் வருவதில்லை. அடுப்பைத் தொடாதே என்றால் தொடுகிறாள். பத்துத் தடவை கத்தினாலும் திரும்பிப் பார்ப்பதில்லை. கேட்காதவள் என்றால் விட்டுவிடலாம். இவளுக்குத்தான் கேட்கிறதே! அரசாங்கப் பதிவேட்டில் இரண்டு தடவை எழுதியிருக்கிறதே!

மஹாசின் அடிக்க ஆரம்பித்தாள்.

துமாதிருக்கு நாலு வயது நடந்தபோது பாபிக்கர் இறந்தான். வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, ஓய்வு அறையில் தேநீர் கேட்டவன், தேநீர் வருமுன் சாய்ந்துவிட்டான். அவதீயா வெள்ளை சுற்றிக்கொண்டு வீட்டுக்குள் உட்கார்ந்தாள். குழியில் மண் போட்டு மூடினாள். கும்ரா ஜாடியைப் பதூரிடம் கொடுத்து அனுப்பினாள். நாலு மாதம் பத்து நாள்.

வேலைக்குத் திரும்பிய அன்று நிலையத்தின் படியில் கால் வைத்ததும் திக்கென்று நின்றுவிட்டாள். மணம் சுவர் மாதிரி வந்து மோதியது. சந்தனம், புகை, கிராம்பு, கஸ்தூரி.

"என்னக்கா, யாருக்குக் கல்யாணம்?"

"ஒருத்திக்கும் இல்ல. எப்பவும் இருக்கிறதுதானே?" பதூர் அவளை விநோதமாகப் பார்த்தாள். "இவ்வளவு நாள் உன் மூக்கு எங்கடி போயிருந்துச்சு?"

அடுத்த புதன்கிழமை மஹாசின் துமாதிரை இழுத்துக்கொண்டு வந்தாள். குழந்தையின் முன்கையில் நீளமாக ஒரு சிவப்புத் தடிப்பு.

"திமிரு அக்கா, வேற ஒண்ணுமில்ல. நேத்துகூடக் கரண்டியால ரெண்டு வெச்சேன். கண்ணுல தண்ணி வருது, வாயில ஒரு வார்த்தை வரல. நீங்களே ஒரு தடவை அதட்டுங்க."

துமாதிர் அவதீயாவைப் பார்த்ததும் மணிக்கட்டுகளைத் தேய்த்தாள். ஓடி வந்து அவள் கையைப் பிடித்து மூக்கில் வைத்தாள். வைத்தபடியே நின்றாள். நிமிர்ந்து அவதீயாவின் முகத்தைப் பார்த்தாள். மறுபடி மோந்தாள். கையை மெல்லக் கீழே விட்டுவிட்டாள்.

அவதீயா கிண்ணத்தையும் கரண்டியையும் எடுத்தாள். "உக்கார வைங்க. ஒரு தடவை பாத்துடலாம்" என்றாள்.

பதூர் பொம்மையை மறைத்தாள். அவதீயா கரண்டியை இழைத்தாள். துமாதிர் திரும்பவில்லை. இடது பக்கம் இழைத்தாள். திரும்பவில்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டாள். கத்தினாள். வெளியே வரிசையில் இருந்த பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். துமாதிர், மறைந்த பொம்மை எங்கே போனது என்று பதூரின் மடியைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"கோவமா இருக்கா" என்றாள் மஹாசின். ஆனால் அவள் குரலும் இறங்கிவிட்டது.

அப்போதுதான் ஹனான் அறைக்குள் வந்தாள். புதிதாகச் சேர்ந்த நர்ஸ், கல்யாணமாகி இருபது நாள், காலில் மருதாணி கறுத்திருந்தது. பஞ்சு எடுப்பதற்காக, வெறுங்காலோடு, சத்தமே இல்லாமல் துமாதிரின் பின்னால் போனாள். அவள் வருகிறாள் என்று திரும்பிப் பார்க்காமலே அவதீயாவுக்கும் தெரிந்தது. மூக்குக்குத் தெரிந்தது. அதே நேரம் துமாதிரின் மூக்கு நுனி மேலே உயர்ந்தது. குழந்தை பளிச்சென்று திரும்பி, முகமெல்லாம் சிரிப்பாக, மணிக்கட்டுகளைத் தேய்த்தாள்.

அதே திருப்பம். அதே சிரிப்பு. எட்டு மாதத்தில் அவதீயா பார்த்துப் பூரித்துப்போய்ப் பதிவேட்டில் எழுதின அதே சிரிப்பு!

கிண்ணம் கையிலிருந்து நழுவிச் சிமெண்டுத் தரையில் விழுந்து உருண்டது. எல்லாரும் துள்ளினார்கள். துமாதிர் மட்டும் துள்ளவில்லை.

மஹாசின் தரையில் கிடந்த கிண்ணத்தைப் பார்த்தாள். பிறகு மகளைப் பார்த்தாள். "அக்கா, காது எப்போ போச்சு?"

அவதீயாவின் வாயில் பதில் தயாராக இருந்தது. போகவே இல்லை மகளே, இருந்ததே இல்லை. நான்தான் தப்பாக எழுதினேன். ஆனால் நாக்கு வேறு ஒன்றைக் கேட்டது.

"நடுவுல எப்பவாவது பெரிய காய்ச்சல் வந்துச்சா?"

கேள்விதானே? பொய் இல்லையே? இதையே அவள் பன்னிரண்டு வருடம் தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

"வந்துச்சு." மஹாசின் சுவரோடு சாய்ந்தாள். "ரெண்டு வயசுல. மூணு நாள் கொதிச்சுது. மழையில தெரு முழுக்கத் தண்ணி. நாளைக்குப் போலாம், நாளைக்குப் போலாம்னு நான் இங்க தூக்கிட்டு வரல."

"அதுவா இருக்கலாம்" என்றாள் அவதீயா.

பதூர் அவதீயாவைப் பார்த்தாள். பிறகு குனிந்து, தரையில் கிடந்த கிண்ணத்தை எடுத்து அலமாரியில் வைத்தாள்.

கார்ட்டூமில் பெரிய டாக்டர் பதிவேட்டின் நகலைப் பார்த்தார். எட்டு மாதத்தில் கேட்டிருக்கிறது, அப்படியானால் காய்ச்சல்தான் என்று அவரும் எழுதினார். ஒரு தப்பான வரிக்கு மேல் இன்னொரு தப்பான வரி. கருவி மாட்டினார்கள். பெரிதாகப் பலன் இல்லை. சீக்கிரமே வந்திருந்தால், வாய்ப்பேச்சோ சைகையால் பேசும் கைப்பேச்சோ, ஒரு மொழி அவளுக்குள் ஊன்றியிருக்கும் என்றார். நாலு வருடம் ஒரு சொல்கூட இல்லாமல் ஒரு குழந்தை உலகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறது. அடி மட்டும் விழும், எதற்கென்று தெரியாத உலகம்.

துமாதிர் ஐந்து வயதில் காது கேளாதோர் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தாள். கைப்பேச்சு கற்றாள். மஹாசினும் கூடவே கற்றாள். அவதீயா தன் சம்பளத்தில் பாதியைத் தர நினைத்தாள், என்ன காரணம் சொல்லித் தருவது என்று தெரியாமல் விட்டுவிட்டாள். பெருநாளுக்குப் பெருநாள் துணி எடுத்துக் கொடுத்தாள். "உங்களைப் போல யாருக்கா இருக்காங்க?" என்று மஹாசின் அவள் கையைப் பிடித்துக்கொள்ளும்போது அந்தக் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தவித்தாள். புகைக் குழியை அவள் மறுபடி தோண்டவே இல்லை. எத்தனையோ விதவைகள் தோண்டுவதில்லைதான், யாரும் காரணம் கேட்கவில்லை.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு புதன்கிழமை. நிலையத்தின் பெஞ்சில் ஒரு இளம்தாய், மடியில் காய்ச்சல் குழந்தை. நாளைக்கு வரட்டுமா என்று எழுந்திருக்கப் பார்த்தாள். அவள் தோப்பை எட்டிப் பிடித்து நிறுத்தியது மஹாசின். தன் மூட்டு வலிக்கு மாத்திரை வாங்க வந்திருந்தாள்.

"போகாதே புள்ள. என்னைப் பாரு. மூணு நாள் சோம்பேறித்தனம் பண்ணி எம்பொண்ணு காதை நானே பறிச்சுட்டேன். பெத்தவளே பறிச்சுட்டேன். என்னை மாதிரி ஆயிடாதே."

அழாமல் சொன்னாள். எத்தனையோ தடவை, எத்தனையோ தாய்மாரிடம் சொல்லிச் சொல்லித் தேய்ந்த வார்த்தைகள் என்பது கேட்ட உடனே தெரிந்தது. ஊசியில் மருந்து ஏற்றிக்கொண்டிருந்த அவதீயாவின் கை நின்றது. தட்டைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்தாள். அத்தனை பெண்களுக்கும் நடுவில் மஹாசினின் முன்னால் தரையில் உட்கார்ந்தாள்.

"காய்ச்சல் இல்ல மகளே."

"என்னக்கா?"

"காய்ச்சல் இல்ல. அவளுக்குப் பொறந்ததுல இருந்தே கேக்காது. அன்னைக்கு அவ திரும்புனது கரண்டிச் சத்தத்துக்கு இல்ல. என் கும்ராவுக்கு, புகை வாசனைக்கு. வாசனையோட வராதேன்னு சொல்லித்தான் அனுப்புனாங்க. என் மேல இருந்தது எனக்கே தெரியல. நாலு வயசுல தெரிஞ்சுது. தெரிஞ்ச பிறகும் உன்கிட்ட காய்ச்சல்னு சொன்னேன்."

வரிசையில் ஒரு குழந்தை வீறிட்டது, தாய் அதன் வாயில் மாரைத் திணித்தாள்.

"அப்போ, சாப்பிட வாடின்னு நான் கூப்பிட்டப்போ அவளுக்குக் கேக்கல."

"இல்ல."

"அடுப்பைத் தொடாதேன்னு சொன்னப்போ."

"கேக்கல மகளே."

"கேக்குதுன்னு நினைச்சுத்தானே அடிச்சேன்?" மஹாசின் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "காய்ச்சல்னா ரெண்டு வயசுக்கு அப்புறம்தான் கேக்கல, அதுக்கு முன்னாடி நான் பாடுனது, கொஞ்சுனது எல்லாம் கேட்டிருப்பான்னு வெச்சிருந்தேன் அக்கா. அதையும் எடுத்துட்டீங்களே."

எழுந்து போய்விட்டாள். மாத்திரை பெஞ்சிலேயே கிடந்தது.

நாற்பது நாள் கழித்து வந்தாள். உட்காரவில்லை. நின்றபடியே பேசினாள்.

"துமாதிர்கிட்டச் சொல்லிட்டேன். கைப்பேச்சுல எல்லாத்தையும் சொன்னேன். அவ காதைப் பத்திக் கேக்கவே இல்ல. ‘அப்போ நான் கெட்ட பொண்ணா இருந்ததில்லையா?’ன்னு கேட்டா. அதை மட்டும்தான் கேட்டா."

அவதீயா மஹாசினின் காலைத் தொடக் குனிந்தாள். மஹாசின் பின்னால் நகர்ந்துகொண்டாள்.

"மன்னிப்பு எல்லாம் கேக்காதீங்க. எங்கிட்ட இல்ல, இல்லாததை எப்படிக் குடுக்கறது? எங்க வீட்டுக்கும் வராதீங்க. ஒண்ணே ஒண்ணு பண்ணுங்க. நான் இத்தனை வருஷம் என் தப்புன்னு ஊரெல்லாம் சொல்லிட்டு வந்தேன்ல, இனிமே அந்தக் கதையை நீங்க சொல்லணும். புதன்கிழமை புதன்கிழமை, உங்க பேரைச் சொல்லி, வர்ற ஒவ்வொருத்திகிட்டயும்."

அதனால்தான் அந்தப் பெஞ்ச். அதனால்தான் அந்தக் கேள்வி. மூன்று வருடமாக ஒரு புதன்கிழமையும் தவறவில்லை. காதுச் சோதனை இப்போது ஹனான் கையில். காதுக்குள் வைத்துப் பார்க்கும் சின்னக் கருவி ஒன்றும் வந்திருக்கிறது. அது மோப்பம் பிடிக்காது. பதூர் ஓய்வு பெற்றுவிட்டாள், ஆனாலும் அரட்டைக்கு வருகிறாள். இன்றும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"பாம்புக்குக் காதுன்னு வெளியில ஒண்ணுமே கிடையாதாம்டி. என் பேரன் சொல்றான். தரை அதிர்றதை வெச்சுத்தான் கண்டுபிடிக்குமாம். ரயிலுக்கு அந்தக் குழந்தை ஓடுனது அப்படித்தானே? நான் அன்னைக்குச் சரியாத்தான் சொல்லியிருக்கேன், அர்த்தம் தெரியாமச் சொல்லியிருக்கேன்." சொல்லிவிட்டு மூக்கைச் சிந்தினாள்.

மதியம் வாசலில் துமாதிர் வந்து நின்றாள். பத்தொன்பது வயது. கடைத்தெருத் தையற்கடையில் வேலை. நூல் சிக்கப்போவது மெஷினின் நடுக்கத்திலேயே அவள் விரலுக்குத் தெரிந்துவிடுமாம், கடைக்காரர் சொல்லிச் சொல்லிப் பெருமைப்படுகிறார். அம்மாவுக்கு மாத்திரை வாங்க வந்திருக்கிறாள். மஹாசின் தெருவுக்கு அந்தப் பக்கம் வேப்பமர நிழலில் நின்றாள். உள்ளே வரவில்லை. இந்தப் பக்கம் பார்க்கவும் இல்லை.

துமாதிர் அவதீயாவைப் பார்த்தாள். இரண்டு மணிக்கட்டையும் ஒன்றோடொன்று தேய்த்து மூக்கில் வைத்தாள். பதினைந்து வருடமாக அந்தத் தோலில் ஒரு துளி வாசனை கிடையாது. ஆனாலும் அவள் மொழியில் அவதீயாவுக்கு இன்னும் அதுதான் பேர்.

அவதீயாவும் தன் மணிக்கட்டுகளைத் தேய்த்து மூக்கில் வைத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்துப் படியேறியவளைப் பார்த்து, "மகளே, இன்னைக்கு மேல என்ன பூசிட்டு வந்திருக்கே?" என்றாள்.

அத்பரா பக்கம் வருகிறவர்கள் ஒரு புதன்கிழமை காலை அந்தப் பெஞ்சுக்குப் போய்ப் பாருங்கள். ஒன்றும் பூசாமல் போங்கள். வர முடியாதவர்கள், கைக்குழந்தை இருக்கிற ஏதாவது ஒரு வீட்டுக்கு இதை அனுப்புங்கள். திரும்பிப் பார்க்கிறதே என்று இருந்துவிடாமல், கருவி வைத்து ஒரு தடவை காதைச் சோதிக்கச் சொல்லுங்கள். சொன்ன பேச்சுக் கேட்காத பிள்ளை என்று எங்காவது ஒரு கை ஓங்கியிருந்தால், அந்த வீட்டுக்கு முதலில் அனுப்புங்கள்.